சூடம் அடித்துக் கொடுத்த இடது கால்

1

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் பேத்தி லீனா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காரணம் ஒரு பந்தாட்டக்காரன். அவன் எங்களுக்கு உறவும் இல்லை, தெரிந்தவனும் இல்லை. டிவிக்குள் ஓடுகிறவன்.

பாரிசுக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டின ஒரு நான்காம் மாடி வீட்டில் இருக்கிறோம். என் மகன் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்தவன். அந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தான். அவன் அப்பா காலமான பிறகு என்னையும் வரவழைத்துக்கொண்டான். லீனா இங்கேயே பிறந்தவள். பெண்கள் டீமில் பந்து ஆடுகிறாள். அவள் அறைச் சுவரில் சாமி படம் மாட்டுகிற இடத்தில் அந்த ஆட்டக்காரன் படம்தான் இருக்கிறது.

அவன் மேல் ஒரு வழக்கு. ஏதோ விடுதி வாசலில் குடித்துவிட்டு ஒருவனை அடித்தானாம். கோர்ட், ஜெயில் எல்லாம் ஆகி, இனி இவன் ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் எழுதின பிறகு திரும்பி வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பாதி ஆட்டத்தில் அவனை உள்ளே இறக்கினார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. மைக்கில் பேசுகிறவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. லீனா அழுதாள். என் மகன் கை தட்டினான். நான் எழுந்து சமையல் கட்டுக்குப் போனேன்.

பின்னாலேயே வந்தாள். "ஆயா, நீ ஏன் கை தட்டல? அவர் பாவம், திரும்பி வந்துச்சு" என்றாள். அவளுக்கு மனுஷன் வந்தாலும் மழை வந்தாலும் வந்துச்சுதான். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. "உனக்கு மனசு இல்ல ஆயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மனசு இல்லை என்று இந்த வயது வரை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் மகனிடமோ மருமகளிடமோ சொல்லி எழுத வைக்கவில்லை. என் தம்பி விஷயத்தை இன்னொரு கை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

2

இந்த நாட்டில் எனக்கு என் பெயர் கிடையாது. நம் ஊரில் அப்பா பெயருக்கு ஓர் எழுத்து போட்டால் முடிந்தது. இங்கே அது செல்லாது. அப்பா பெயரையே குடும்பப் பெயர் என்று முழுசாகப் போட்டு அட்டை அடித்துவிட்டார்கள். அட்டையைப் புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி "மதாம் கோவிந்தசாமி" என்று கூப்பிடுவாள். அதையும் மூக்கால் இழுத்து அவள் சொல்லும்போது வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். முதல் தடவை நான் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். மகனுக்குக் கோபம். எங்கள் அப்பா பெயரைக் கூப்பிட்டால் நான் எப்படி எழுந்து நிற்பேன் என்று கேட்டேன்.

இப்போது எழுந்து நிற்கப் பழகிவிட்டேன். ஆனாலும் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் எனக்குத் திண்டிவனம் கோர்ட்தான். எண்பதுகளில் மாதா மாதம் அந்த வராந்தாவில் நின்றிருக்கிறேன். டவாலி வாசலுக்கு வந்து மூன்று முறை கூப்பிடுவார். ஏழுமலை, ஏழுமலை, ஏழுமலை. தலையைக் குனிந்துகொண்டு என் தம்பி உள்ளே போவான்.

அதே பெயரை அதற்கு முன்னால் மைதானங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. விழுப்புரம் ரயில்வே மைதானத்தில் அவன் இடது காலுக்குப் பந்து போனால் போதும். ரயிலேறக் காத்திருக்கிறவன்கூட மூட்டையை வைத்துவிட்டு வேலியோரம் வந்து நிற்பான். நான் சொல்வது பெருமைக்கு இல்லை. பெருமைக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை. அந்தக் காலைப் பார்த்தவர்கள் இன்னும் விழுப்புரத்தில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

3

எங்கள் அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு ஏழுமலைக்கு இருந்தது நான் மட்டும்தான். என்னைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தம்பி விழுப்புரத்தில் ரயில்வேயில் தினக்கூலியாக மூட்டை இறக்கிக்கொண்டு, அவர்கள் டீமுக்கு ஆடிக்கொண்டிருந்தான். நன்றாக ஆடினால் விளையாட்டுக்காரன் என்ற கணக்கில் நிரந்தர வேலை கிடைக்கும். அந்த வேலைக்காகத்தான் அவன் கல்யாணம்கூடக் காத்திருந்தது.

திண்டிவனம் டீமில் ஒருத்தன், பின்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரன், கலியமூர்த்தி என்று பெயர். பிரம்மதேசத்துக்காரன். சொந்த நிலத்தில் கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். காலையில் ஏர் ஓட்டிவிட்டு மத்தியானம் சைக்கிளில் வந்து ஆடுவான் என்பார்கள். என் தம்பியைத் தடுக்க அந்த வட்டாரத்தில் அவன் ஒருவனால்தான் முடியும். ஆட்டம் முழுவதும் நிழல் மாதிரி பின்னாலேயே ஓடுவான், வாய் மூடாமல் பேசிக்கொண்டே ஓடுவான். ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் ஒரே கடையில் சோடா குடிப்பார்கள்.

அந்த வருஷம் பொங்கல் கோப்பையின் கடைசி ஆட்டம் திண்டிவனத்தில். ஏழுமலை போட்ட ஒரு கோலை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். டீம் தோற்றது. விசில் ஊதின பிறகு கலியமூர்த்தி பக்கத்தில் வந்து, "இன்னாடா மலை, இன்னைக்கு மண்ணாங்கட்டியா பூட்ட" என்றானாம். வழக்கமாகச் சொல்கிற பேச்சுதான். அதற்குள் ஜனம் உள்ளே ஓடிவந்து கைகலப்பு ஆகிவிட்டது. அந்தக் கும்பலில் என் தம்பி மைதான மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கிச் சுழற்றினான். கலியமூர்த்தியின் முழங்காலில் விழுந்தது.

நான் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கம் சத்தம் கேட்டுப் போனால் ஏழுமலை கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறான். கையில் மூங்கில் கம்பு. நுனியில் சிவப்புத் துணி அப்படியே இருக்கிறது. என்னடா என்றேன்.

"அக்கா, அவன் முட்டி ஒடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சுக்கா."

அவ்வளவுதான் சொன்னான். கம்பை அவன் கையிலிருந்து எடுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் வந்து விரல் விரலாகப் பிரித்துதான் எடுத்தார். இருட்டுவதற்குள் அவரே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒப்படைத்தார். ஓடி ஒளிந்தால் கேஸ் பெரிதாகும் என்றார். அவருக்கு அதெல்லாம் தெரியும்.

4

கொடுங்காயம் என்று கேஸ். கொஞ்ச நாள் உள்ளே இருந்தான். பிறகு தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீன் கொடுத்தார்கள். ரயில்வே டீமில், கேஸ் முடியட்டும் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். கலியமூர்த்திக்கு ஜிப்மரில் கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், மறுபடியும் போட்டார்கள். கால் மடங்கவில்லை. கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்தான்.

நம் பக்கத்தில் வழக்கு கோர்ட்டில் நடக்கும், முடிவு வெளியில் ஆகும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. அடிபட்டவனே யார் அடித்தது என்று தெரியவில்லை என்று கூண்டில் சொல்லிவிட்டால் வழக்கு நிற்காது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். வைத்தியச் செலவு, நிலத்தில் உழைக்க ஆள் என்று எங்கள் பக்கம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். கலியமூர்த்தியின் அம்மா அஞ்சலை எதற்கும் தலையாட்டவில்லை. புருஷன் இல்லாமல் அந்த நிலத்தைத் தானே பார்த்து மகனை வளர்த்தவள். கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். என் புள்ளை இனிமே பந்து ஆட மாட்டான். இவனும் ஆடக் கூடாது. திருவக்கரையில காளி எதிர்ல சூடம் அடிச்சி சத்தியம் பண்ணிட்டு போவட்டும், கேசு வேணாம்."

எங்கள் பக்கத்து ஆட்கள் சம்மதித்துவிட்டார்கள். தாய் மனசு ஆறுவதற்காகக் கேட்கிறாள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர் இல்லை. ஒரு வாக்குமூலத்தில் எந்தச் சொல் இருக்க வேண்டும், எந்தச் சொல் இருக்கக் கூடாது என்று பார்ப்பதே அவர் தொழில். திருவக்கரைக்குப் போகிற பஸ்ஸில் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆட மாட்டேன் என்று சொல்லாதே. பந்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

பௌர்ணமிக் கூட்டம். வக்கிரகாளி சன்னதியில் ஒரு கல்லில் சூடத்தை ஏற்றினார்கள். ஏழுமலை முட்டி போட்டு, "இனிமே பந்துல கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அஞ்சலை அதையே திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கால் வைக்கவில்லை என்றால் ஆட்டம் ஏது, அவளுக்கு அது போதும் என்று பட்டிருக்கும். கலியமூர்த்தி தூணில் சாய்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

வெளியே வந்து, அங்கே இருக்கிற கல்லாய்ப் போன மரங்களுக்குப் பக்கத்தில் கட்டுச்சோறு பிரித்தோம். தம்பி சாப்பிடவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் காதோடு சொன்னார்: "கை இருக்குதில்ல? கோல் கீப்பருக்குக் கை போதும்டா."

எங்கள் ஆட்கள் எல்லாரும் அவர் மூளையை மெச்சினார்கள். அந்தச் சோறு எனக்கும் தொண்டையில் இறங்கியது. தம்பி ஒருவன்தான் சிரிக்கவில்லை.

அடுத்த வாய்தாவில் கலியமூர்த்தி கூண்டில் ஏறினான். கூட்டத்தில் யார் அடித்தது என்று தெரியவில்லை என்றான். ஜட்ஜ் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னான். கோலை எடுத்துக்கொண்டு இறங்கும்போது படி தடுக்கியது. பிடிக்கப் போன என் தம்பியைப் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார்.

5

விடுதலை ஆனதும் விழுப்புரம் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ரயில்வே டீம் செகரட்டரி நல்ல மனுஷர்தான், ஆனால் சினிமா பைத்தியம். பெரிய அதிகாரிகள் ஆள் எடுக்க வரப்போகிறார்கள், அன்றைக்கே ஒரு ஆட்டம் வைத்து ஏழுமலையை இறக்கலாம், வேலையும் ஆகிவிடும் என்று ஏற்பாடு செய்தார். சுவரெல்லாம் நோட்டீஸ். பொய் வழக்கை உடைத்து மீண்டும் களத்தில் மலை, என்று சிவப்பு எழுத்தில்.

பொய் வழக்கு இல்லை. அது ஊருக்கே தெரியும். ஆனால் அடித்தவன் திரும்பி வருகிறான் என்று நோட்டீஸ் போட முடியுமா? கலியமூர்த்தியைப் பற்றி அதில் ஒரு எழுத்து கிடையாது. அந்த நோட்டீஸைத் திண்டிவனம் ஸ்டேஷன் சுவர் வரைக்கும் கொண்டுவந்து ஒட்டினார்கள்.

தம்பி ஆட ஒப்புக்கொண்டது வேலைக்காகத்தான். வேலை இல்லாமல் அவனுக்கு வாழ்க்கை இல்லை, பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் அவசரப்பட்டார்கள். மாசக் கணக்கில் கோல் கீப்பராகப் பழகினான். கை வைத்தாலும் அவனுக்கு வித்தை வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பந்தைத் தரையில் வைத்து உதைக்க வேண்டிய நேரத்தில் வேறு ஆள் வந்து உதைப்பான். மற்றதை இவன் கையாலேயே பாதி மைதானத்துக்கு எறிவான். கால் வைக்கவில்லையே என்று கேட்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தன்று நான் விழுப்புரம் போனேன். பெண்கள் மைதானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. என் தம்பி ஆட்டத்தை நான் பார்க்கப் போகிறேன், யார் என்ன சொல்வது என்று போனேன். மைக் செட் அலறுகிறது. தம்பிக்கு மாலை போடுகிறார்கள். கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் ஒரு வேப்ப மரம் உண்டு. அதன் கீழே அஞ்சலை நிற்கிறாள். பக்கத்தில் கலியமூர்த்தி, கோலை ஊன்றிக்கொண்டு. பாசஞ்சர் ரயிலில் வந்திருக்கிறார்கள்.

பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க எனக்குத் தெரியாது. நேராகப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். ஆட்டம் பார்க்க வந்தீர்களா என்று கேட்டேன்.

"ஆட்டத்த பாக்க வரலம்மா. உன் தம்பி காலு இன்னா பண்ணுதுன்னு பாத்துக்கினு போலாம்னு வந்தேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. சந்தைக்கு வந்தவள் மாதிரிதான் நின்றாள். நான் நகரவில்லை. அவளும் நகரச் சொல்லவில்லை.

என் தம்பி அன்றைக்கு ஆடின ஆட்டத்தை எப்படிச் சொல்ல. எந்தப் பக்கம் பந்து வந்தாலும் கை அங்கே இருந்தது. ஜனம் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அதிகாரிகள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது அஞ்சலை முந்தானையை அவிழ்த்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்தாள். மகனுக்குக் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். வாங்குவதா வேண்டாமா என்று எனக்கும் யோசனைதான். வாங்கிக்கொண்டேன்.

"கலியா, கையில புடிக்கிறது சத்தியத்துல சேருமாடா" என்று மகனைக் கேட்டாள். அவன் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சும்மா இரும்மா, ஆட்டத்த பாரு" என்றான். அப்போதுதான் கவனித்தேன். அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரை விட்டுவிட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். பழைய பழக்கம்.

முடிகிற நேரத்தில் எதிராளி ஒருத்தன் பந்தை உயரமாகத் தூக்கி அடித்தான். ஏழுமலை எகிறி இரண்டு கையாலும் தட்டினான். தட்டின வேகத்தில் மல்லாந்து விழுந்தான். பந்து கம்பத்தில் மோதி, வேகமெல்லாம் செத்து, தரையில் உருண்டு வருகிறது. கை அந்தப் பக்கம், உடம்புக்கு அடியில். கால் இந்தப் பக்கம், கோட்டுக்கு மேலேயே கிடக்கிறது. அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். காலை அப்படியே விட்டிருந்தால் போதும். பந்து அதில் முட்டி நின்றிருக்கும்.

எனக்குப் பக்கத்தில் ஒரு குரல் உடைந்துகொண்டு வந்தது.

"காலு! கால வைடா மலை!"

கலியமூர்த்தி. ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு, மடங்காத காலோடு வேலிக்கு மேல் சாய்ந்து கத்துகிறான். அஞ்சலை மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழுமலை காலை மடக்கிக்கொண்டான். கோழிக்குஞ்சு போக வழி விடுகிற மாதிரி காலை இழுத்துக்கொண்டான். பந்து மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது.

அந்த ஒரு கோலில் தோற்றார்கள். ஒருவன் காசு வாங்கிட்டான் என்றான். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கத்தினார்கள். போட்ட மாலை எங்கே போனது என்று தெரியவில்லை. அதிகாரிகள் எழுந்து ஜீப் பக்கம் நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருகிற பந்துக்குக் காலை இழுத்துக்கொள்கிற ஆட்டக்காரனை யார் எடுப்பார்கள்?

அஞ்சலை மல்லாட்டைத் தோலை உதறிவிட்டு முந்தானையை முடிந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வச்சிருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

6

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் பேசினார். நீ போய் வைக்கவில்லை, பந்துதானே வந்து பட்டிருக்கும், அது எப்படிச் சத்தியத்தை மீறினதாகும் என்று வாதாடினார். ஏழுமலை கை கழுவிக்கொண்டே, "உங்க கோர்ட்ல ஆகாது மாமா" என்றான். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாகும் வரைக்கும் எடுக்கவில்லை. மற்ற வாக்குமூலங்களை எழுதும்போது அவர் பேனா கொஞ்சம் நின்று நின்றுதான் போகும் என்று எனக்குத் தோன்றும்.

படுக்கப் போகிறதுக்கு முன்னால் தம்பி என்னிடம் கேட்டான், கால வைடான்னு கத்தினது யார் என்று. சொன்னேன். தெரியும் என்றான். ஆட்டம் பூரா என் முதுகுக்குப் பின்னால் வருகிற குரல்தானே, தெரியாமல் இருக்குமா என்றான்.

வேலை போயிற்று. பெண் வீட்டாரும் விலகிக்கொண்டார்கள். அவன் திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினான். ஒரு நாள் அஞ்சலை என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வந்தாள். அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரைக்குப் போய் சூடம் ஏற்றி, கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன், உன் தம்பியையும் வரச் சொல் என்றாள். ஓட்டமாக மில்லுக்குப் போய்ச் சொன்னேன். அவன் மூட்டையை இறக்கிவிட்டுத் தலைத்துணியால் முகத்தைத் துடைத்தான்.

"அவங்க திருப்பிக் குடுத்தா நான் எப்டிக்கா வாங்கிப்பேன்? அவன் காலை அவனுக்கு யாரு குடுப்பாங்க?"

நான் எவ்வளவோ சொன்னேன். வரவில்லை. அஞ்சலை மட்டும் போய்விட்டு வந்தாளாம்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுவல்ல. அவன் சரியாகத்தான் சொன்னான், என் தம்பி அப்படித்தான் சொல்வான். எனக்கு ஆறாதது வேறு. இரண்டு பேரும் ஒரு கடையில் சோடா குடித்தவர்கள். அடிபட்டவன் கத்தினதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கடைசிப் பேச்சு. நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம், நோட்டீஸ் ஒட்டினோம். இரண்டு பேரையும் ஒரு பெஞ்சில் உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கலியமூர்த்தி ஊரில் சைக்கிள் கடை வைத்தான் என்று கேள்வி. அப்புறம் அவனும் இல்லை.

7

இதை எழுதி நிறுத்தி எழுதி நிறுத்தி வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமையில் தம்பி விழுப்புரத்திலிருந்து போனில் வருவான், முகம் பார்த்துப் பேசுவான். தலை வெளுத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறான். பேசும்போது பின்னால் ரயில் சத்தம் வரும். இங்கே என் ஜன்னலிலும் ரயில் போகும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சில நேரம் இரண்டு பேருக்கும் தெரியாது.

லீனா என்னோடு பேசவில்லையே தவிர என் தம்பியைத் தாத்தா என்று கூப்பிட்டுப் பேசுவாள். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தன் போனில் அந்த ஆட்டக்காரன் உள்ளே இறங்குகிறதைப் போட்டு அவனுக்குக் காட்டினாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான்.

"லெப்டு காலா? நல்லா வைக்கிறான்" என்றான்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். கேஸ், ஜெயில், திரும்பி வந்தது, எல்லாரும் எழுந்து நின்றது, எல்லாவற்றையும் தன் தமிழில் உடைத்து உடைத்துச் சொன்னாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆயா மட்டும் கை தட்டல தாத்தா" என்று கோளும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அடிபட்ட பையன் எப்டி கீறானாம்மா?"

"அவருக்கு ஒண்ணும் அடி படல தாத்தா."

"அவன் இல்லம்மா. அவன் யாரையோ அடிச்சான்னு சொன்னியே, அந்தப் பையன்."

லீனா என்னைப் பார்த்தாள். அவள் தன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். மைதானம் எழுந்து நிற்கிற படம் வந்தது. ஆட்டக்காரன் அழுகிற படம், அவன் அம்மா அழுகிற படம், அவன் நாய் வாசலில் காத்திருக்கிற படம். தள்ளிக்கொண்டே இருந்தாள். உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோ ஆயிற்று.

"பேரே போடல தாத்தா" என்றாள்.

விழுப்புரத்தில் ஒரு ரயில் போய் முடிந்ததும் அவன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"பொறுமையா தேடும்மா," என்றான். "நான் போனை வச்சிட மாட்டேன். இருக்கேன்."